கோட்டுக்கு வெளியே விழுந்த சில்லு

அரியநாயகத்துக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். றக்பி என்றால், முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காகத் தடித்த ஆட்கள் கட்டிப் புரளுகிற விசர் விளையாட்டு. அவருடைய விதியைப் பாருங்கள், பாரிஸில் அவருக்கு வாய்த்த வேலை இரண்டையும் ஒரே புல்லில் வைத்து நடத்துகிற மாநகர அரங்கில். வெள்ளிக்கிழமை உதைபந்துக் கழகம் ஆடும், ஞாயிறு றக்பிக் கழகம். இடையில் வருகிற சனிக்கிழமை முழுவதும் வெள்ளைக் கோடுகளை அழித்து மாற்றிப் போடுவதும், கோல் கம்பங்களைக் கழற்றிவிட்டு றக்பியின் நெட்டைக் கம்பங்களை நடுவதும் அவர் தலையிலும் மார்செல் தலையிலும் விழும்.

மார்செல்தான் புல்தரைக்குப் பொறுப்பு. ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி மைதானம் முழுக்கத் தனியாக நடப்பார். கழன்ற ஆணி, சட்டைப் பொத்தான், எது கிடந்தாலும் குனிந்து எடுத்துப் பைக்குள் போடுவார். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று அரியநாயகம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேநீர் குடிக்கிற இடமெல்லாம் பெருமையடிப்பார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அரங்கை இடித்துப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். தொடக்கமே சரியில்லை. முதலில் உதைபந்துக்காரன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. அடுத்த கிழமை றக்பிக்காரன் ஒருவனுக்குத் தோள் எலும்பு போனது. மற்றவர்கள் புல்லைக் குறை சொன்னார்கள். அரியநாயகத்துக்கோ காரணம் வெளிச்சமாகத் தெரிந்தது. புதுக் கட்டடம், இத்தனை ஆயிரம் பேரின் கண், ஒருவராவது கண்ணூறு கழித்தார்களா? லாச்சப்பலில் தேர் வரும்போது தெருவுக்கே மலைமலையாகத் தேங்காய் உடைக்கிறோம், இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று உடைத்தால் என்ன?

ஞாயிறு காலை ஒருவரும் வருமுன் ஒரு தேங்காயோடு போய், கம்பத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார்.

"பிள்ளையாரப்பா, இந்தப் பெடியளின்ரை கைகாலைக் காப்பாத்து."

தேங்காய் நன்றாகச் சிதறியது. மனம் குளிர்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். கோட்டுக்கு உள்ளே முழங்காலில் தவழ்ந்து தேடினார். கோட்டுக்கு வெளியே கிடந்த புல்லை நின்றபடி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். உதைபந்துக்காரனுக்கு மைதானம் கோல் கோட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் படம் பிடிக்கிறவர்கள் குந்தியிருப்பார்கள், யார் அங்கே விழப்போகிறார்கள்?

றக்பியில் அங்கேதான் விழுவார்கள். பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தப் புல்லில் அழுத்தினால்தான் புள்ளி. அன்று பின்னேரம் ஒரு இளைஞன் பந்தை அணைத்தபடி அங்கே பாய்ந்து விழ, அரங்கமே எழுந்து கத்தியது. எழும்பியபோது அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து இரத்தம் ஓடியது. வைத்தியர் புல்லுக்குள்ளிருந்து மண்ணிறச் சில்லு ஒன்றை எடுத்தார். அது தேங்காய்ச் சிரட்டை என்று அங்கே தெரிந்தவர் ஒருவர்தான். கட்டட வேலைக்காரர் விட்டுப்போன மரத்துண்டு என்றார்கள்.

மறுநாள் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். கடைசியாக மைதானத்தைப் பார்த்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மார்செல். "என் கண்ணில் படவில்லை."

அரியநாயகம் தேங்காயைப் பற்றிச் சொல்லாமல் சுவரிலிருந்த ஆட்ட அட்டவணையைப் படித்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். சொன்னால் சாமியையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்ற வெட்கம் வேறு. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மனுஷன் கோழையாக நின்றார் என்பதை மறைக்க அந்த இரண்டும் போதாது.

பையனின் காயம் ஆறி அவன் மறுபடி ஆட வந்துவிட்டான். மார்செலுக்குத்தான் ஆறவில்லை. கண்ணில் பழுதில்லை என்று வைத்தியர் சொன்னதையும் அவர் நம்பவில்லை. "அவர் எழுத்தைக் காட்டிச் சோதித்தார், புல்லைக் காட்டியா சோதித்தார்?" என்றார். காரில் வந்துகொண்டிருந்தவர் பஸ்ஸில் வரத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை, "உன் கண் நல்ல கண், ஆரி. இனி நீ நட," என்று அரியநாயகத்திடம் சொல்லிவிட்டு ஓரத்து வாங்கில் போய் உட்கார்ந்தார். டிசம்பரில் நத்தாரோடு வேலையை விடப்போவதாகவும் சொன்னார். அவர் பார்த்திருக்க அவருடைய நடையை அரியநாயகம் நடந்தார். காலடியில் என்ன கிடந்தது என்று அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அன்றுதான் மனைவி பரமேஸ்வரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"சொன்னால் வேலை போயிடுமப்பா," என்றார்.

"போகட்டும். அந்த மனிசன் தன்ரை கண் போச்சுதெண்டு இருக்குது. நீங்கள் பிள்ளையாருக்கு அடிச்ச தேங்காயை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். இனி எந்த முகத்தோடை கோயிலுக்குப் போவியள்?"

அடுத்த சனிக்கிழமை, கம்பத்துக்குப் பின்னால் அதே புல்லில் நின்று, தெரிந்த பிரெஞ்சில் அரியநாயகம் சொன்னார். தேங்காய், சாமி, சில்லு, எல்லாம். மார்செல் அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

மார்செல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் நடந்த பிறகா உடைத்தாய்?"

"ஓம். அடுத்த நாள் காலமை," என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

மார்செலின் முகம் மலர்ந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அந்த மனிதர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கைத்தொலைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "மதலேன், என் கண் நன்றாக இருக்கிறது! அந்தத் துண்டு அப்போது அங்கே இருக்கவேயில்லை!" அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அரியநாயகத்தால் முடியவில்லை.

மறுமுனையில் மதலேன் ஏதோ கேட்டார். மார்செலின் சிரிப்பு மெல்ல இறங்கியது. தொலைபேசியைப் பைக்குள் வைத்தார்.

"காரை விற்றுவிட்டேன், ஆரி," என்றார். "யாரையாவது இடித்துக் கொன்றுவிடுவேன் என்று பயந்து விற்றேன்."

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்து மைதானத்தில் நடக்கத் தொடங்கினார். அரியநாயகம் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போக அடியெடுத்தார். மார்செல் திரும்பிப் பார்க்காமலே, வரவேண்டாம் என்று கையைக் காட்டினார்.