கிளைவ் திறக்காத வாளி

கிளைவ் ப்ராசர் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். ஒரு மார்ச் மாதக் காலையில், சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். லாரி ஓட்டும் உரிமம் போய்விட்டது. எங்கள் ஹெரிஃபோர்ட்ஷர் கிராமத்தில் அவருக்கு எதிர்வீடு நான். அதற்குப் பிறகு அவர் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஜூனில் வீட்டிலேயே பியர் காய்ச்ச ஆரம்பித்தார். முதலில் தேன் சேர்த்தார், அடுத்து காஞ்சொறி இலை. பிறகு, பிளம்ஸ் தோலில் படிந்த வெள்ளைப் பூச்சிலிருந்து ஈஸ்ட் வளர்க்கிறேன் என்று சமையலறை முழுக்க ஜாடிகளை அடுக்கினார். ஒன்றும் உருப்படவில்லை. வினிகர் வாடை என் வாசல்வரை வந்தது. மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தால், காற்றுப் பட்டுப் புளிக்காமல் வேறென்ன ஆகும்?

"அது என்ன கைக்குழந்தையா, மூச்சு விடுதான்னு பார்க்க? மூடு அதை!" என்பாள் அவர் மனைவி க்ளெனிஸ்.

"நுரை அடங்கின மாதிரி இருக்கு, க்ளென்."

"முதல்ல நீ அடங்கு."

செப்டம்பரில், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் காய்த்தது. சர்ச்சுக்குப் பின்னால், ஓடைக்கரையில், பழைய ரயில் பாதையோரம் என்று வேலிப்புதர்களில் தானாகப் படர்ந்திருந்த கொடிகளிலிருந்து பறித்து, ஒரே சாக்கில் திணித்துக் கொண்டுவந்தார். அதைப் போட்டுக் காய்ச்சி, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடினார். மறுநாளே க்ளெனிஸ் அந்த வாளியைத் தள்ளுவண்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"மூணு வாரம் இது இங்கதான் இருக்கணும், மேவிஸ். அந்த ஆளு வந்தா டீ குடு. வாளியைக் காட்டிடாதே."

முதல் நாள் ஏணி கேட்டு வந்தார். அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"கொப்பளிக்குதா, மேவிஸ்?"

"கொப்பளிக்குது."

"வேகமாவா?"

"டீ ஆறுது, கிளைவ்."

மூன்றாம் நாள் காரணம் எதுவும் சொல்லாமலே வந்தார். என் மாடிப்படிக்குக் கீழே, வாளியை வைத்திருந்த அலமாரியின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு விழுந்தேன்ல, எவ்வளவு நேரம் கிடந்தேன்னு இன்னிக்கும் தெரியல. முழிச்சுப் பார்த்தா யாரோ என் பூட்ஸைக் கழட்டி வெச்சிருக்காங்க. யாருன்னே தெரியாது. அப்பலேர்ந்து, நான் பார்க்காத நேரத்துல எல்லாம் நடந்து முடிஞ்சிடும்னு ஒரு பயம். கண்ணை மூடவே முடியல."

ஆறு மாதத்தில் அவர் யாரிடமும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. அலமாரியைத் திறந்துவிட்டேன்.

"மூடியைத் தொடக் கூடாது. காதை வெச்சுக் கேட்டுக்கோ."

தரையில் உட்கார்ந்து வாளியில் காதை வைத்தார். மூடியிலிருந்த குழாய் வழியாகக் காற்று குமிழ் குமிழாக வெளியேறும் சத்தம். அன்றிலிருந்து தினமும் மதியம் வந்தார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பத்தாம் நாளோ என்னவோ, நான் துணி உலர்த்திவிட்டு வந்தபோது வாளியைக் கட்டிப்பிடித்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். க்ளெனிஸைக் கூப்பிட்டேன். அவள் கதவருகில் நின்று பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரம் முடிந்து பாட்டில்களில் அடைத்தோம். இன்னும் இரண்டு வாரம் கழித்து என் சமையலறையில் திறந்தோம். ஆரஞ்சுத் தோல் வாசம். அடியில் அளவான கசப்பு. க்ளெனிஸ் இரண்டாவது கிளாஸை நீட்டினாள். கிளைவ் பாதி குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

"எந்தப் புதர்ல பறிச்சது இது?"

"உட்காரு, கிளைவ். குடிச்சு முடி."

"மூணையும் ஒரே சாக்குல போட்டுட்டேனே!"

அடுத்த வருடம் மூன்று புதர்களுக்கும் மூன்று வாளி என்று காய்ச்சினார். மூன்றுமே குடிக்கும்படி இருந்தன. அந்த ஆரஞ்சு வாசம் எதிலும் வரவில்லை. ஒருவேளை அது ஈஸ்ட்டின் வேலையாக இருக்கலாம் என்கிறார் இப்போது. இல்லை, நான்காவதாக ஒரு புதரில் பறித்தது மறந்துபோயிருக்கலாம் என்கிறார். அதைத் தேடித்தான் நடக்கிறார். தனியாகப் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் க்ளெனிஸும் புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே பின்னால் போகிறாள்.