கதையில் வருகிறவளுக்கு இடமில்லை

"ஐசே, உந்தப் பெட்டை ஆர்? எங்கட சங்கத்து ஆளே?"

புலம்பெயர்ந்து வந்து சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த அச்சகத்தில், ஒரு நாவல் வெளியீட்டுப் போஸ்டரின் மாதிரி அச்சை, அந்த ப்ரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு, விழாவை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் கேட்ட முதல் கேள்வி இது. லேஅவுட் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். முட்டாள்தனத்தைக் கண்டு சிரிக்காமல் இருக்கப் பழகியவன். இதற்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

"கதையில வாற பெட்டை, தலைவர்."

"கதையில வாறவ மண்டபத்துக்கு வருவாவே? வராத ஆளின்ர படம் என்னத்துக்கு?"

நாவலை எழுதியவர் ஜெசிந்தா. மன்னார்க்காரி, பக்கத்து மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கும் பக்கிங் வேலை. முதல் புத்தகம். சொந்தக்காரர் அல்லாத நாலு பேராவது அதை வாசிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

எங்கள் கடைச் சுவரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரிஸில் நாவல்களுக்காக ஒட்டிய போஸ்டர்களின் பிரதிகள் தொங்கும். உல்லாசப் பயணிகளுக்கு விற்க நாங்கள் அச்சடிப்பவை. ஒன்றில் ஒருத்தி கடிதம் வாசிக்கிறாள். திரைக்குப் பின்னால் ஒருவன் கத்தியோடு நிற்கிறான். கீழே நாவலின் பெயர். எழுதியவரின் மூஞ்சிகூட இல்லை. தெருவில் போகிறவன் நின்று, பிறகு என்ன நடக்குமோ என்று பதறவேண்டும். அதற்காகவே கீறிய படம்.

"எனக்கும் இப்பிடி ஒண்டு கீறித் தாங்கோ அண்ணை," என்று கேட்டிருந்தார் ஜெசிந்தா.

கீறினேன். தலைவரின் கையில் இருந்தது அதுதான்: பனி மூடிய வெளிப்படிக்கட்டின் உச்சியில் சூட்கேசோடு ஒரு பெண். பாதி திறந்த கதவு. உள்ளேயிருந்து அவளை மறிக்கும் ஒரு கை.

தலைவர் அந்தக் கைக்கு மேல் பிரதம விருந்தினரின் தலையைப் போடச் சொன்னார். சூட்கேசின் மேல் சிறப்பு விருந்தினர். படிக்கட்டு முழுக்க ஆசியுரை, வாழ்த்துரை, நன்றியுரைக்காரரின் தலைகள். இதற்குள் ஒருவரின் தலை மற்றவரின் தலையைவிடச் சின்னதாம். வீட்டிலிருந்து ஃபோன் எடுத்துச் சண்டை. கடைசியில் பெண்ணையே தூக்கிவிட்டார்கள். நாவலின் பெயர், கார் எங்கே விடலாம் என்ற தகவலுக்கும் கீழே போனது. மரண அறிவித்தலில்கூடச் செத்தவரின் படம் இருக்கும்.

ஜெசிந்தா வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இது என்ர புத்தகமோ, இவையின்ர கலியாணமோ?"

மண்டபம் பிடித்ததும் ஆட்களைக் கூப்பிடுவதும் சங்கம். அவர் சண்டை பிடிக்க முடியாது.

"இதை அடியுங்கோ அண்ணை. நீங்கள் கீறினதிலயும் ஒண்டு அடிச்சுத் தாங்கோ."

விழாவன்று அந்த ஒன்றைப் புத்தக மேசைக்கு மேலே அவரே ஒட்டினார். சங்கத்துப் போஸ்டரடியில் கூட்டம்; ஒவ்வொரு தலைக்கும் உரியவர் தன் தலைக்குப் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். தலைவரின் மனைவி மட்டும் புத்தக மேசையடியில் நின்றுவிட்டார்.

"பிள்ளை, உந்தக் கை ஆரின்ர?"

"வாசிச்சாத்தான் தெரியும் அன்ரி."

அவர் ஒரு புத்தகம் வாங்கினார்.

தலைவர் மேடையில், வாசிக்காத நாவலைப் பற்றி நீட்டி முழக்கினார். முன்வரிசையில் அவர் மனைவியின் மடியில் அந்த நாவல் விரிந்திருந்தது. பேச்சு முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். மனைவி நிமிராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இந்த வேலைக்கு வரும் இளசுகளே, ஒருவரை நிறுத்தி அடுத்த பக்கத்தைத் திருப்ப வைப்பது: போஸ்டர் செய்யவேண்டியது அவ்வளவுதான். தலைகளை ஒட்ட அவரவர் வீட்டில் அல்பம் இருக்கிறது.