அக்காவின் துளசி முளைக்காத காரணம்

அக்காவை அடக்கம் செய்த அன்று வந்திருந்தவர்கள்: அக்காவின் மகள், மருமகன், கொஸ்லந்தையிலிருந்து பெரியப்பா மகன்கள் இருவர், எங்கள் லயத்து வரிசைவீட்டார் எல்லோரும், பெரிய கங்காணி, மருந்து கொடுக்கும் ஐயா, என் மனைவி, நான். கடைசியாக, பதுளையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர்; எங்கள் எல்லோருக்கும் அவர் நானா. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். உட்காரச் சொல்லி யாரும் அவருக்குப் பாய் போடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் அக்காவின் நினைவு மலருக்கு எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற வருடம் மச்சான் இறந்துபோனார். அதன் பிறகு கொழுந்து பறித்தே மகளையும் என்னையும் காப்பாற்றினார். லயத்துக்குப் பின்னால் துளசியும் சதகுப்பையும் வளர்த்து, சளி, வயிற்றுவலி என்று வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். மிச்சத்தைக் காயவைத்து நானா கடைக்குப் போடுவார். நானா கடனுக்கு விதை தருவார்.

எங்கள் மலைக் குளிரில் துளசி விதை மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். அதனால் அக்கா பழைய தேயிலைப் பெட்டியில் விதைத்து அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைப்பார். மணிக்கட்டை மண்ணில் வைத்துப் பார்த்து, சூடு கூடினால் இன்னும் தள்ளுவார். சதகுப்பைப் பெட்டி வெளியேதான் இருக்கும்.

ஒரு வருடம் பெரியப்பா காரியத்துக்காகக் கொஸ்லந்தைக்குப் போகும்போது அக்கா சொன்னார்:

"துளசி உள்ள, சதகுப்பை வெளிய. அதுக்குக் குளுரு வேணும். ரெண்டு நாளைக்கு நீ ஒண்ணும் யோசிக்காம இருடா, அது போதும். நீ யோசிச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

நான் யோசித்தேன். மறுநாள் மூடுபனியும் தூறலும். விதை விறைத்துச் செத்துவிடுமோ என்று மனசு கேட்கவில்லை. எனக்கு வேலை தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கும் டிரையரில். இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் வைத்தேன். மாலையில் பார்த்தால் மண்ணில் கை வைக்க முடியவில்லை. தண்ணீர் தெளித்து ஆறவைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மூன்று வாரமாகியும் ஒரு முளை இல்லை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார்.

"நானா, செத்த வெதையக் குடுத்துட்டீங்களே!"

"அதே மூட்டையில வாங்கின மத்த ஆக்களுக்கெல்லாம் முளைச்சிருக்கே, தங்கச்சி."

"அப்ப நான் பொய் சொல்றேனா? டேய் தம்பி, நீதானே பாத்துக்கிட்ட, சொல்லேன்!"

கடை நிறைய ஆட்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"நீ சொன்ன மாதிரியேதான் வச்சிருந்தேங்க்கா" என்றேன்.

நானா என்னையே பார்த்தார். "காசை விடுங்க. கடைப் பேரைக் கெடுத்திராதீங்க" என்றார்.

ஆனால் பேர் கெட்டது. நம் தோட்டத்தில் நீங்கள் பாதிப் பேர் வேறு கடைக்கு மாறினீர்கள். அக்கா மறுபடி அந்தப் படி ஏறவில்லை; துளசியும் போடவில்லை. நோயில் கிடந்தபோது ஒருநாள், "நானா அப்படிச் செய்வாருன்னு நான் நெனைக்கவே இல்லடா" என்றார். அப்போதும் நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருந்து ஐயாவுக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த லயத்து வீடுகளுக்கும் என் கும்பிடு. இந்த மலர் போகும் வீடுகளெல்லாம் அன்று என் பேச்சை நம்பிய வீடுகள். நானா தந்தது நல்ல விதை. அதை வேகவைத்தவன் நான். அக்காவிடம் சொல்லக் காலம் போய்விட்டது; உங்களிடம் சொல்லிவிட்டேன். முதல் பிரதியை நானாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த விதைக்காக அவருக்கு இன்னும் சேர வேண்டியது ஆறு ரூபாய் ஐம்பது சதம்.