உப்பு கேட்டு வந்தவள்

இது நடந்தது. பேய்க் கதை சொல்கிறவர்கள் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். நான் சத்தியமெல்லாம் செய்யப்போவதில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பொய் சொல்கிறவள் தன்னை நல்லவளாக வைத்துத்தான் கதை கட்டுவாள். ஃபென்னா என்னிடம் சொன்னதோ, சொல்கிறவளே தலைகுனிய வேண்டிய கதை. நாங்கள் இருவரும் வேலை செய்யும் ரொட்டிக் கடையின் பின்கட்டில், மாவு மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியின் வடகடல் ஓரம், பெரிய மண் அணைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். ஃபென்னாவின் வீடும் வீப்கேயின் வீடும் ஒரே கூரையின் கீழ் ஒட்டிப் பிறந்தவை. நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஃபென்னாவின் கட்டில், அந்தப் பக்கம் வீப்கேயின் கட்டில். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். ஃபென்னாவை அவள் புருஷன் ஐலர்ட் விட்டுவிட்டுப் போனபோது, ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சோறு போட்டவள் வீப்கே.

விடியுமுன் மாவு பிசையப் போகும் ஃபென்னா பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள். பதினொன்றுக்கு வீப்கேயின் சமையலறையில் தேநீர். கோப்பையில் கற்கண்டைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அது சடசடவென்று வெடிக்கும். மேலே ஒரு சொட்டுப் பாலாடை. மூன்று கோப்பையாவது குடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதன்பிறகு ஒன்றிலிருந்து மூன்றுவரை ஊரே படுத்துவிடும். அந்த நேரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

அந்த வருடம் அக்டோபரில் வீப்கேவுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. வெள்ளி விழா வீட்டு வாசலுக்கு ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, அதில் காகித ரோஜாக்கள் குத்துவது இங்கே வழக்கம். அதை முன்னின்று கட்டுவது பக்கத்து வீட்டுக்காரியின் உரிமை. அடுத்த தெருக்காரி கட்டினால், பக்கத்து வீட்டுக்காரி செத்துப்போனாளா என்று கேட்பார்கள்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள், இரண்டாவது கோப்பை ஊற்றும்போது வீப்கே சொன்னாள்.

"வளைவு வேலைய எதிர்வீட்டு தோமாக்காகிட்ட சொல்லிட்டேன்டீ."

ஃபென்னா கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"ஐலர்ட் போனதுக்கப்புறம்... கல்யாண வளைவு கட்டுறதுன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்ல. அதான்."

"அடப் போடீ! நானே வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன். முதுகு வலி வேற. பூ மட்டும் மடிச்சுத் தர்றேன்."

முதுகு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரித்தாள், மூன்றாவது கோப்பையையும் குடித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வயிறு எரிந்தது. புருஷன் போனவள், ராசி கெட்டவள், அவள் கை பட்டால் வளைவு விளங்குமா... வீப்கே இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஃபென்னாவே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே சிவப்புக் காகிதத்தை மடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வசவு. கை வியர்த்துச் சாயம் ஒட்டி, விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானம் படுத்தாள். கண் செருகியது. அப்புறம் விழிப்பு வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கை அசையவில்லை. கால் அசையவில்லை.

டிக்... டிக்... டிக்...

ஊசல் கடிகாரம். அவள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. இருந்ததை ஐலர்ட் போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடியில் இதமான சூடு. மெத்தை மேலே எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. கட்டில் மூச்சுவிடுவது போலிருந்தது.

பயந்தாயா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் கழுத்துவரை சிவந்தாள். "இல்ல," என்றாள். "சுகமா இருந்துச்சு. கோவமெல்லாம் வடிஞ்சு போற மாதிரி."

திடுக்கென்று விழித்தபோது கடிகாரச் சத்தம் நின்றிருந்தது. ஆகஸ்டு வெயிலில் கால் இரண்டும் ஐஸ்கட்டியாய்க் கிடந்தன.

இது தினமும் நடக்க ஆரம்பித்தது. படுப்பாள், கடிகாரம் கேட்கும், கட்டில் மூச்சுவிடும். விழிப்பாள், கடிகாரம் நிற்கும். ஒரு நாள் உள்ளங்கையில் கற்பூரத் தைல வாசனை அடித்தது. அவள் தைலம் தொட்டே வருடக்கணக்காகியிருந்தது.

வீப்கேயோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். ஊற்றிய தேநீர் பாதி தட்டில் சிந்தியது.

"என்னடீ, தூக்கமில்லையா?"

"மத்தியானம் படுத்தா நெஞ்சடைக்குது. தைலம் தேச்சுப் பாக்குறேன். ஒண்ணுமில்ல, விடு."

சொல்லிவிட்டு வீப்கே சுவரில் இருந்த ஊசல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். ஃபென்னா அதைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்பதுதான் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடை விடுமுறை. எழுந்தது, வாசலைத் தாண்டியது எதுவும் ஃபென்னாவுக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது, கையில் காலிக் கோப்பையோடு வீப்கேயின் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. உள்ளே வீப்கேயும் எதிர்வீட்டு தோமாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு கைப்பிடி உப்பு குடேன்," என்றாள் ஃபென்னா.

தோமாவின் கையிலிருந்த கோப்பை அந்தரத்தில் நின்றது. வீப்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டா," என்றாள் தோமா.

ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணம் நிறைய உப்பு தயாராக இருந்தது.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?"

"பேய நாங்க தேட வேணாம், அது தானா நடந்து வந்துருக்கு," என்றாள் தோமா. தேனொழுகப் பேசும் பழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது. "மத்தியானம் வந்து இவ நெஞ்சுல உக்காருது ஒண்ணு. நேத்து நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது உக்காந்திருக்கும்போதே 'நாளைக்கு வா, உப்பு தர்றேன்'னு சொல்லிடு, காலையில யார் வந்து உப்பு கேக்குறாளோ அவதான் அதுன்னேன். இவ சொல்லிட்டா. நீ வந்துட்டே."

தமிழ்நாட்டில், நம்மூர்ப் பக்கம் அமுக்குவான் பேய் என்று ஒன்று சொல்வோம். அது செத்தவர்களின் வேலை. இந்தக் கரையில் அப்படியில்லை. இங்கே வந்து அமுக்குகிறவள் உயிரோடு இருக்கிற பெண். மனசுக்குள் பகையை வைத்துக்கொண்டு படுத்தால் உடம்பு படுக்கையில் கிடக்குமாம், அவள் எழுந்து போவாளாம். போவது அவளுக்கே தெரியாதாம். சாவித்துவாரம் வழியாக நுழைவாள். வந்த வழியாகத்தான் திரும்ப முடியும், கதவைத் திறந்து வைத்தாலும் போக முடியாது.

ஃபென்னா சிரித்தாள். "லூசாக்கா நீ? வீட்டுல உப்பு தீந்து போச்சு, கேட்டு வந்தேன். வீப்கே, நீயாவது சொல்லு."

வீப்கே எழுந்தாள். ஃபென்னா வழக்கமாகக் குடிக்கும் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு துளிகூட ஊற்றவில்லை. காலிக் கோப்பைக்குள் கரண்டியை வைத்தாள்.

அந்தக் கரண்டிச் சத்தம்தான் தன்னைக் கொன்றது என்றாள் ஃபென்னா. உப்பை வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள். அலமாரியைத் திறந்தால், பிரிக்காத உப்புப் பொட்டலம் இரண்டு இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வளைவு எனக்கு வேண்டுமடி, கொடுக்காமல் போனாயே என்று வயிறெரிந்தேன் என்று சொல்லியிருந்தால், ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பார்கள். வெட்கம் வாயைக் கட்டியது. சோறு போட்டவள் நெஞ்சிலா ஏறி உட்கார்ந்தேன்? அதுவும் ஒரு காகிதப் பூவுக்காகவா? தேநீருக்குப் போவதை நிறுத்தினாள். மத்தியானத் தூக்கத்தையும் நிறுத்தினாள். ஆனால் நள்ளிரவு தாண்டி எழுந்து மாவு பிசைகிற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம்கூட ஆகவில்லை. கட்டில் ஓரம் சும்மா உட்கார்ந்தாள்...

டிக்... டிக்...

இந்த முறை கண் தெரிந்தது.

கீழே வீப்கேயின் முகம். கண் மூடியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுடைய கம்பளிச் சட்டையின் மேல் இரண்டு கைகள். விரல் நுனி சிவந்த கைகள்.

இறங்க நினைத்தாள். இறங்கினாள்.

கதவுக்கு வெளியே காலடி. மெழுகுவர்த்தி வாசனை. சாவித்துவாரத்தில் தெரிந்த வெளிச்சப் பொட்டு... மெழுகு அடைத்து அணைந்தது.

"மாட்டிக்கிட்டா," என்றது தோமாவின் குரல். காலடி விலகிப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. நீளமாய். மெதுவாய்.

ஃபென்னாவின் சொந்த மூச்சுதான்.

"வீப்கே... திறடீ."

டிக்.

"பொய் சொன்னேன்டீ. முதுகு வலி இல்ல. உன் வளைவ நான்தான் கட்டணும். சிரிச்சுக்கிட்டே வயிறெரிஞ்சேன். மெழுக எடுடீ... நான் போயிடுறேன்..."

வீப்கேயின் இமை துடித்தது. ஓரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது.

கண் திறக்கவில்லை.

டிக்.

சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு... குறைந்தது.

இன்னும் குறைந்தது.

நின்றது.

ஃபென்னா விழித்தாள். அவளுடைய கட்டில். அவளுடைய போர்வை. சட்டை முழுக்க வியர்வை. வீப்கே திறந்துவிட்டாள் என்று நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோதுதான் கவனித்தாள்.

டிக்... டிக்... டிக்...

விழித்த பிறகும் அது நிற்கவில்லை.

மறுநாளே வீப்கேயின் வீட்டுக்குப் போய், இந்த முறை விழித்திருந்தபடியே எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொன்னாள். வீப்கே குனிந்தபடி கேட்டாள். மூன்று கோப்பை ஊற்றினாள். அக்டோபரில் வளைவு கட்டும்போது கடைசிப் பூவைக் குத்த ஃபென்னாவைத்தான் ஏணியில் ஏற்றினாள். "பாத்து ஏறு, உப்புக்காரி," என்று தோமா கீழேயிருந்து கத்த, ஊரே சிரித்தது. ஃபென்னாவும் சிரித்தாள். ஆனாலும் மத்தியானத் தூக்கத்தை அடியோடு விட்டுவிட்டாள். மாவு பிசைவதை விட்டு, என்னோடு பகல் வேலைக்கு மாறிக்கொண்டாள். கடை மூடியிருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் பின்கட்டில் என் கூடவே தட்டு கழுவுவாள். சில சமயம் கையை நிறுத்திவிட்டு, "உனக்குக் கடிகாரச் சத்தம் கேக்குதா?" என்பாள். எனக்குக் கேட்டதில்லை.

போன வாரம், மூன்று மணிக்குக் கடையைத் திறக்கப் போகும் நேரம். பின்வாசல் கதவைத் தட்டிக்கொண்டு வீப்கே வந்தாள். மேலங்கிகூடப் போடாமல் பனியில் நடந்து வந்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஃபென்னா. அன்னைக்கு மெழுக நான் எடுக்கல."

ஃபென்னா தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ கெஞ்சுனது கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு. உன் உரிமையப் பறிச்சவ நான்தானே? கண்ணத் திறந்தா உன் மூஞ்சியப் பாக்கணும்... வெக்கமா இருந்துச்சு. தூங்குற மாதிரி கிடந்துட்டேன்."

"அப்ப நான் எப்படிடீ வெளிய வந்தேன்?"

"தெரியல. மெழுகு இன்னும் அப்படியேதான் இருக்கு. தொட பயமா இருக்கு."

 எனக்கு அப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஃபென்னா இந்தக் கதையை என்னிடம் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

"இப்ப நீ நெஞ்சுல ஏறுறதில்ல," என்றாள் வீப்கே. "கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கே. கூப்பிட்டாலும் திரும்புறதில்ல."

"எப்ப?"

"தினமும் மத்தியானம். இன்னைக்கும். இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

ஃபென்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தானே சாட்சி. ஒன்றிலிருந்து மூன்றுவரை அவள் என் எதிரில் நின்று தட்டு கழுவினாள். கண்ணை ஒரு நொடிகூட மூடவில்லை.

"அங்க உக்காந்து நான் என்னடீ பண்றேன்?" என்றாள் ஃபென்னா.

"பூ மடிக்கிறே."

வளைவைப் பிரித்து எரித்தே மாதங்கள் ஆகிவிட்டன.

ஃபென்னா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறிய கைகள். விரல் நுனிகள் பத்தும் சிவப்பாக இருந்தன.