எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது

பெருமையாகச் சொல்லிக்கொள்ள என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. "எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் கிடையாதுங்க. அன்னன்னைக்குச் செஞ்சதுதான், சுடச்சுட." அரியமங்கலத்தில் தன் லேத் பட்டறையில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். அந்தச் சுடச்சுடவை யார் செய்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நான்தான் செய்தேன். சித்திரை வெயிலில் பாலை மூன்று வேளையும் காய்ச்சி, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் இறக்கி வைத்து, ஈரத்துணி சுற்றி, அது திரியாமல் இருக்க வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டேன். இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழியும். வெற்றிலையைக் கவிழ்த்துப் போட்டால் புளிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தேங்காயில் கண் இருக்கிற மூடி முதலில் கெடும் என்பதால் அதை முதலில் துருவ வேண்டும். இதையெல்லாம் 'இயற்கையான வாழ்க்கை' என்று சிலாகிக்கிறவர்கள் மே மாதத்தில் என் சமையலறையில் வந்து நிற்கட்டும். ஒரே ஒரு மத்தியானம் போதும்.

ஆசாரம் என்பார் அவர். நாங்கள் ஜீயபுரத்து வாழைக் கொல்லையில் கிடந்தவர்கள். ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்ததும் அவருக்குத் திடீரென்று ஆசாரம் முளைத்துவிட்டது. பட்டறையிலிருந்து வரும் வழியில் பரோட்டா தின்பார். அந்தச் சால்னா என்றைக்கு வைத்தது என்று அங்கே கேட்கமாட்டார். மாடியில் இருக்கிற வீட்டுக்கார மாமி ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏம்மா, எங்காத்துலயே ரெண்டு ஃப்ரிட்ஜ் இருக்கு. தளிகை பண்ணினதுக்கு ஒண்ணு, பால் தயிருக்கு ஒண்ணு. உங்காத்துல அப்படி என்ன ஆசாரம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன வருஷம் என் தங்கைக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு அவள், அவளுக்கு நான். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். "ரிசல்ட் சொல்றப்ப நீ பக்கத்துல இருக்கணும் அக்கா. தனியா கேக்க மாட்டேன்" என்றாள். இருப்பேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கிளம்பும்போதே புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு என்று கெடாததாகப் பார்த்துச் செய்து வைத்துவிட்டுத்தான் போனேன். மறுநாளே இவரிடமிருந்து போன். "ரெண்டு நாளு ஒரே குழம்ப யாரு திங்கிறது? காலைல வந்து ஒரு சாம்பார் மட்டும் வெச்சுட்டுப் போயேன். புத்தூர் என்ன, டெல்லியா?"

"ஹோட்டல்ல சாப்பிடுங்களேன்."

"எனக்கு வயிறு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

பரோட்டாவுக்கு ஒத்துக்கொண்ட வயிறு அது. ஆனாலும் போனேன். போகாவிட்டால் அவர் வார்டுக்கே வந்து, எல்லார் எதிரிலும் கத்துவார். அதையும் அவள் கேட்க வேண்டாம் என்றுதான் தினமும் விடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம், சமைத்து வைத்துவிட்டு மறுபடி புத்தூர் என்று அலைந்தேன். டாக்டர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் தங்கை கட்டிலில் தனியாக உட்கார்ந்து புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். என் புடவையில் பெருங்காய வாசனை. அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரையும்தான்.

இந்த வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறி, இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். மருந்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். நான் கேட்டேன், "பால வைக்கிற மாதிரி தண்ணித் தட்டுல வெச்சு ஈரத்துணி சுத்துனா போதாதா?"

"வெளையாடுறியா? உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்!"

அன்று சாயங்காலமே குட்டியானை வண்டியில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு அப்போதும் தெரியவில்லை. ஆசாரம் எங்கே போனது என்று கேட்டேன். மருந்துக்கு ஆசாரம் கிடையாது என்று ஒரு விளக்கம் வைத்திருந்தார். சாப்பாடு மட்டும் பழையபடி சுடச்சுட வேண்டுமாம். நேற்று வைத்த சாம்பாரை எடுத்து, புதிதாகக் கொத்தமல்லி தூவிக் கொதிக்கவைத்து ஊற்றுகிறேன். "இதுதான் சாம்பாரு" என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார். எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தலில்லை.

சிகிச்சை முடிந்து, தலையில் இப்போதுதான் முடி முளைத்து வருகிற என் தங்கை போன வாரம் வீட்டுக்கு வந்தாள். மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், எடுக்காமல் அந்தக் குளிர்ச்சியில் அப்படியே நின்றாள்.

"இது அப்பவே இருந்திருந்தா நீ என் பக்கத்துல இருந்திருப்பல்ல, அக்கா?"

கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "கதவ மூடச் சொல்லு. மருந்து கெட்டுடப் போவுது."

அவள் சட்டென்று மூடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தே கிடந்தது.