பாத்து ஓடும்

காரை வாங்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். பிரேக் பிடிக்குமா? மலையில் பிறந்தவனுக்கு வேறு கேள்வி வராது. எங்கள் பக்கம் ஒரு வாகனத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றால் அது பள்ளத்தில் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால் நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. பண்டாரவளையிலிருந்து ஹாலிஎல வரை ஓட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய முழுக்க இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன், ஒவ்வொரு வளைவிலும் பிடித்தது. வண்டி தங்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விற்றவர் யாழ்ப்பாணத்து டொக்டர். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்ச் சேரப் போகிறவர். சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுகளோடு, தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் அந்த ஜப்பான்காரியை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். விளக்கைப் போட்டால் மூடிக்குள்ளிருந்து இரண்டு கண்களும் எழும்ப வேண்டும். ஒன்றுதான் எழும்பியது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை, கண்ணடிக்கிறாள் என்று சிரித்தேன். டொக்டருக்குப் பதுளையில் வேலை இருந்ததால் கூடவே வந்தார். ஹாலிஎல சந்தியில் இறங்கி, பத்திரங்களை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஏத்தத்தில பாத்து ஓடும்."

ஏற்றத்தில் கார் நிதானமாக ஓடும், பழைய வண்டிதானே என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பாதையில் திருப்பினேன். அன்று மழை பெய்து குளிர்ந்திருந்ததால் எப்படியோ ஏறிவிட்டது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் வாத்தியாரானால் மோட்டார் சைக்கிள் வாங்குவான். கொஞ்சம் விவரமானவன் ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடுவான். நான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ஏன் என்று என் மனைவி கேட்டபோது, அப்போது அவளுக்கு நாலாம் மாதம், "ஒன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான்" என்றேன். அது பச்சைப் பொய். பிள்ளை உண்டாவதற்கு முன்பே எனக்கு அந்தக் காரின் மேல் கண். ஆனால் சொன்ன பொய் நல்ல பொய்யாக இருந்ததால் நானே அதை நம்பத் தொடங்கினேன். அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். முதல் பிரசவத்துக்கு லுணுகலைப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போக அவளுக்கு வழியில்லை. எல்லாம் என் பொறுப்பு, நானிருக்கிறேன், கார் இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டேன்.

இடதுபக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. ஒவ்வொரு முறையும் நான் இறங்கிச் சுற்றிவந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. "பொண்டாட்டிக்குக் கதவு தொறந்து விடுறாரு பாருடி, ஒன் புருசனும் இருக்கானே" என்று ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள். நான் அதற்கும் பல்லைக் காட்டினேன்.

ஆறாம் மாதம் பதுளையில் கிளினிக் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குள் போனது. இன்னும் இரண்டு வளைவுதானே என்று மிதித்தேன். முன்பக்கம் ஆவி கிளம்பி எதிரே பாதையே மறைந்த பிறகுதான் நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, போத்தலோடு பீலிக்கு ஓடினேன். பாறையிலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீர், ஐம்பது அடிக்குள்தான். அங்கே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ரேஸ் கார் நின்னுருச்சா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நிற்கவில்லை, எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றேன். இந்த மாதிரி எஞ்சினின் வேகம், சமதரையில் எப்படிப் பறக்கும், டொக்டர் கொழும்புக்கு எத்தனை மணிநேரத்தில் போவார் என்று அளந்துகொண்டே இருந்தேன். அவரும் விடவில்லை. கையில் தண்ணீர்ப் போத்தலோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்று சொல்லத் தெரியவில்லை. கால் மணிநேரத்துக்குக் குறையாது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அடுப்பங்கரை அனல் அடித்தது. சாவி என்னிடம் இருந்ததால் கண்ணாடியை இறக்க முடியாது. கதவு திறக்காது. குழி மாதிரி இருக்கும் அந்த இருக்கையிலிருந்து, கியர்க் கம்பியையும் தாண்டி என் பக்கத்துக்கு வர, வயிறு விடாது. அவளுடைய சேலை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. நான் பயந்தே போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தண்ணி குடுங்க" என்றாள். அவ்வளவுதான். ரேடியேட்டருக்குக் கொண்டுவந்த போத்தலை வாங்கிக் குடித்தாள். மிச்ச ஏற்றத்தை நடந்தே ஏறினாள். நான் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாலிஎலவில் கராஜ் வைத்திருக்கும் சிங்கள மெக்கானிக் பாஸ் முன் மூடியைத் திறந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார். "சேர், இதுக்குச் சாமான் இல்ல. கீழ ஓடலாம். மேல போக ஏலாது" என்றார். விற்றுவிடலாமா என்று கேட்டேன். இறக்குமதித் தடை நீங்கிப் புது வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கிவிட்டன, இதை யார் எடுப்பார்கள் என்றார். அப்படியே ஒருவன் வந்தாலும் எங்கள் தோட்டத்துக்கு ஏறித்தான் வரவேண்டும். வந்தவன் முதலில் கேட்பது, ஏற்றத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டு என்றுதான். வசமாக மாட்டிக்கொண்டேன். கீழே எடுத்துப் போனால் மேலே கொண்டுவர விடியற்காலைக் குளிருக்குக் காத்திருந்து, மூன்று இடத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, ஊர் பார்க்காமல் ஏற்ற வேண்டும். எடுக்காமல் வைத்தாலோ, "சார் வண்டிக்கு லீவா?" என்று வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் காலையிலேயே கேட்டுவிட்டுப் போவார்கள். அது வீட்டு வாசலில் நின்றது, நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இதற்கிடையில் எங்கள் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் சாவியை எடுப்பதைப் பார்த்து, "மழை வருது, பாத்து ஓடும்" என்றார்.

"எங்க ஓடுது டீச்சர், அது ஓடாது" என்றேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ சேர், நான் காரைச் சொல்லேல்லை. உம்மைத்தான் சொன்னனான். கவனமாக் கார் ஓடும் எண்டு."

யாழ்ப்பாணப் பேச்சில் கார் ஓட்டுவதைக் கார் ஓடுவது என்பார்கள். இரும் என்றால் உட்காருங்கள், ஓடும் என்றால் ஓட்டுங்கள். டொக்டர் காருக்கு நற்சான்று கொடுக்கவில்லை, எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். மனுஷன் மறைக்கவே இல்லை. ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எனக்கு அந்தப் பேச்சு தெரியாதா? பதுளையில் படித்த காலத்தில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவரே யாழ்ப்பாணத்தார்தான். வாரும், இரும், எழுதும் என்று வருஷக்கணக்காகக் கேட்டவன் நான். சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் காது எனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டது.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அந்த வாரமே நான் என் வாதத்தை எடுத்து வைத்தேன். நம் வீட்டிலிருந்து பதுளை ஆஸ்பத்திரி முழுக்க இறக்கம். பிரேக் நன்றாக இருக்கிறது. வலி வந்தால் உலகத்திலேயே இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

"போறது எறக்கங்க" என்றாள். "புள்ளையோட திரும்பி வர்றது ஏத்தம்."

"அதை அப்ப பாத்துக்குவோம். ஒன்னப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது நான்."

"சரி" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரசவத்துக்கு மிச்சமிருந்த இரண்டு மாதமும் காரைத் துடைத்தேன், தண்ணீர் பார்த்தேன், பின் இருக்கையில் ஒரு தலையணைகூடப் போட்டு வைத்தேன்.

வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் ஓடிப்போய்க் காரைக் கிளப்பினேன். சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. சந்தோஷத்தோடு இறங்கி இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மேல் லயத்து அண்ணனுடைய ஆட்டோ வந்து காருக்குப் பின்னால் நின்றது. யார் கூப்பிட்டது என்று கேட்டேன்.

"டீச்சர்தான் போன் பண்ணுனாங்க, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சிட்டாங்க சார்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். என் மனைவி பாலர் பாடசாலை டீச்சர். "நாள் நெருங்கிட்டா தூரமா ஹயர் ஓட்டம் எதுவும் எடுக்காதீங்கன்னு சொன்னாங்க. சாருக்குத் தெரிய வேணாம்னாங்க."

அவள் பையோடு வெளியே வந்தாள். திறந்திருந்த கதவையும் என்னையும் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

"நீங்களும் ஏறுங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

காரை அணைத்துவிட்டு ஏறினேன். ஆட்டோ வளைவு வளைவாக இறங்கியது. அந்தப் பீலியைத் தாண்டிய பிறகு, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு உள்ள இருந்து நான் கத்துனேங்க. நீங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தது கண்ணாடி வழியாத் தெரிஞ்சிச்சு. கையால அடிச்சேன். கத்திக்கிட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடுத்த வலி வந்ததும் என் கையைத்தான் இறுக்கிப் பிடித்தாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முன்னால் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் அதைப் பார்த்த அந்த அண்ணன், "அழாதீங்க சார், டீச்சருக்கு ஒண்ணும் ஆகாது, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே, பள்ளம் படாமல் மெதுவாக ஓட்டினார்.