எண்பத்திரண்டு வீதம்

மெல்பேர்ண் நகரின் ரோவில் பகுதியில் தமிழர்கள் கூடுகிற வீடுகளில் மிருணாளினிக்கு ‘டச்சுக்காரி’ என்று பெயர். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒல்லாந்துக்குப் போய், அங்கேயே படித்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு பேராசிரியராக இங்கே வந்து சேர்ந்தவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பழக்கமும் அங்கிருந்து கூடவே வந்தது. பிறந்தநாள் வீட்டில் கேக் எப்படி என்று கேட்டால், இனிப்புக் கூடிவிட்டது என்பார். கேட்டவர் அடுத்த வருடம் கேட்க மாட்டார்.

அவருடைய துறை சேதன இரசாயனம் என்கிற கரிம வேதியியல். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வழி ஒன்றை ஒல்லாந்தில் கலாநிதிப் பட்டத்துக்காகக் கண்டுபிடித்தார். நூறு பங்கு வரக்கூடிய இடத்தில் எண்பத்திரண்டு பங்கு கைக்குக் கிடைக்கும் என்பதுதான் அதன் பெருமை. பாடப்புத்தகத்தில் ஏறிய எண் அது. மெல்பேர்ணில் கிடைத்த பதவியும் அந்த எண்ணின் தயவில் வந்ததுதான்.

சென்ற பெப்ரவரியில் வினுஷா அவருடைய அறை வாசலில் வந்து நின்றார். நகரின் வடக்கோரத்துக் கிரெய்கிபர்னிலிருந்து வருகிறவர், இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளர். ஆய்வுகூடத்திலும் அவருக்கு மிருணாளினி அன்ரிதான்.

“உங்கட வழியை ஏழு தரம் செய்து பாத்திட்டன் அன்ரி. நாப்பத்தொண்டுக்கு மேல ஏறேல்லை. என்ர கைதான் சரியில்லை போல.”

துறைத் தலைவர் சடகோபனும் அப்படித்தான் நினைத்தார். சென்னைக்காரர், மென்மையானவர், பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். பாடப்புத்தகத்தில் இருப்பதையே செய்ய முடியாதவருக்கு ஒப்பந்தத்தை நீட்டுவது கடினம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

மிருணாளினி மேசையை விட்டு எழுந்து, கையுறை மாட்டி, தானே செய்து பார்த்தார். கரைப்பானை வடித்ததும் குடுவையில் பாகு போல ஒன்று மிஞ்சியது. நிறுத்தார். எண்பத்திரண்டு. வினுஷாவின் முகம் வாடிப்போயிற்று. மிருணாளினி குடுவையைப் பம்பில் பூட்டி ஒரு நாள் முழுக்க உலர விட்டு, மறுபடி நிறுத்தார். நாற்பத்தொன்று. மிச்சமெல்லாம் வெறும் கரைப்பான்; வினுஷா ஒவ்வொரு தரமும் உலர்த்தித்தான் நிறுத்திருந்தார்.

1999இல், பட்டத்துக்கான ஆய்வேட்டை ஒப்படைக்கிற கடைசி வாரத்தில், உலர விட நேரமில்லாமல் ஈரத்தோடு நிறுத்தது அவருக்கு நினைவு வந்தது. உலர்ந்தால் இரண்டு மூன்று குறையும், அவ்வளவுதானே என்று அன்றைக்கு நினைத்தார். ஒல்லாந்தில் பட்டத்துக்கு உரியவர் சபை நடுவே நின்று முக்கால் மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள் என்று கிழட்டுப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். இவர் வாய் திறப்பதற்குள் கோலேந்திய சேவகர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்று அறிவித்தார். தட்டியபின் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம். கேள்வி அப்படியே நின்றது, பட்டம் கிடைத்தது. தப்பினேன் என்று அன்று சந்தோஷப்பட்டதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

பிழை தன்னுடையது என்று ஆய்விதழுக்கு எழுதப் போவதாக அவர் சொன்னதும் சடகோபன் கதவைச் சாத்தினார்.

“இருபத்தாறு வருஷம் ஆச்சு மேடம். இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஜூன்ல உங்க பதவி ரினியூவல் வருது. அது வரைக்கும் பேசாம இருங்களேன்.”

“ஒருத்தரும் கேக்காதபடியாத்தான் இவ்வளவு காலமும் புரொபெசரா இருந்தனான். கேட்ட பிறகும் இருக்கேலுமோ எண்டு பாப்பம்.”

அன்றைக்கே கடிதம் போயிற்று. நாற்பத்தொன்று சரி, எண்பத்திரண்டு பிழை, சரியானதைக் கண்டவர் வினுஷா, பிழை விட்டவர் நான். சாக்குப்போக்கு ஒன்றும் அதில் இல்லை. வினுஷாவின் ஒப்பந்தத்தை நீட்டித் தரும்வரை சடகோபனின் வாசலிலிருந்து அவர் நகரவும் இல்லை.

ஜூனில் அவருடைய பதவி நீளவில்லை. வருட முடிவோடு போகலாம் என்றார்கள். ரோவிலில் இரண்டு வீடுகள் அழைப்பதை நிறுத்திக்கொண்டன. எங்கள் ஆட்களுக்குப் பேராசிரியர் வேண்டும், பிழையை ஒப்புக்கொண்ட பேராசிரியர் வேண்டாம். மிருணாளினி தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கோவிலுக்குப் போனார்.

ஓகஸ்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து சிட்னியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு இரண்டு வருடம் அந்த வழியோடு மல்லுக்கட்டியவராம். எத்தனை தரம் செய்தாலும் நாற்பதுதான். உனக்குக் கை வராது என்று சொன்னார்களாம், அவரும் நம்பிப் படிப்பை விட்டுவிட்டாராம். இப்போது வீடு விற்கிற வேலை. என் கையில் பிழையில்லை என்று ஆய்விதழில் உங்கள் கடிதத்தைப் படித்த இன்றைக்குத்தான் தெரிந்தது, நன்றி என்று முடித்திருந்தார்.

மிருணாளினி தன் அறையிலேயே வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு வந்த சடகோபன், ஆய்விதழுக்குக் கடிதம் எழுதியதற்காக இப்போது வருத்தப்படுகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

“ஓம், வருத்தம்தான்,” என்றார் அவர். “இருபத்தாறு வருஷம் பிந்தி எழுதினதுக்கு.”